ருவாண்டாவைப் பஸ்ஸிலும் மோட்டோவிலும் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ருவாண்டா என்றதும் கொரில்லாவும், நாளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்கும் சுற்றுலா நிறுவனங்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் சொந்தமாகப் பஸ் ஏறிச் சுற்றுவதற்கு இவ்வளவு தோதான நாடு இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். பஸ் நேரத்துக்குக் கிளம்புகிறது, கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் நடந்து போகலாம். தேசியப் பூங்காக்களுக்குள் போகும் கடைசிச் சில கிலோமீட்டருக்கு மட்டும் தனி வண்டி வேண்டும். மற்றபடி எல்லா இடத்துக்கும் பொதுப் போக்குவரத்திலேயே போய் வரலாம். முதல் முறை போகிறவர்களுக்காக, கிளம்புவதிலிருந்து திரும்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டின் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. இதைப் பார்த்துவிட்டு நாலு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று பலரும் திட்டம் போடுகிறார்கள். முடியாது. நாடு முழுக்க மலையும் குன்றும்தான், சாலை வளைந்து வளைந்துதான் போகும். பஸ்கள் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். தலைநகர் கிகாலியிலிருந்து கிவு ஏரிக்கரையில் உள்ள ருபாவுக்குச் சுமார் 155 கிலோமீட்டர். அதற்கே மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஓர் ஊர் மாறினால் போதும் என்று வைத்துக்கொண்டால் பயணம் சுகமாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

விசா பெரிய தலைவலி இல்லை. எல்லா நாட்டவரும் வந்திறங்கி விமான நிலையத்திலேயே விசா வாங்கலாம். ருவாண்டா 2009இல் காமன்வெல்த்தில் சேர்ந்தது. அதனால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் விசா கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அமெரிக்க பாஸ்போர்ட் என்றால் 50 டாலர். கென்யா, உகாண்டாவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று நாடுகளுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. 100 டாலர், 90 நாள். அதை எந்த நாட்டில் விண்ணப்பித்து வாங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் அரசின் இரெம்போ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவிலிருந்து பெரும்பாலோர் அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத்தான் போய்வருகிறோம். திரும்பி வரும்போது சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடுவதில் பயன் இல்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியாவும் அங்கே உண்டு, குறிப்பாகக் கிழக்குப் பக்கம். மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் பைகளை ஒதுக்கிவிடுங்கள். 2008இலிருந்து நாட்டில் பாலித்தீன் பைக்குத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் கண்ணில் பட்டால் வாங்கி வைத்துவிடுவார்கள். ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப்போவதென்றால் டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் சுற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர் மூன்று முனைப் பிளக் அங்கே சுவரில் நுழையாது, ஐரோப்பிய இரு முனை அடாப்டர் தேவை. ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அவசியம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்தான் என்றாலும் கிகாலியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே எரிமலைப் பக்கம் போனால் இரவில் நன்றாகவே குளிரும். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர், நவம்பரில் சிறுமழை. ஜூன் முதல் செப்டம்பர் ஆரம்பம் வரைதான் சுற்றுவதற்கு நல்ல காலம்.

இறங்கியதும் பணமும் சிம்மும்

ருவாண்டா பிராங்க் ஒரு டாலருக்கு 1,400க்கு மேல் கிடைக்கிறது. டாலராகக் கொண்டுபோவதே நல்லது, அதுவும் புது நோட்டாக. 2006க்கு முந்தைய நோட்டுகளையும், கிழிசலும் கறையும் உள்ளவற்றையும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். விமான நிலையத்தில் டாக்சிக்கும் சிம்முக்கும் போதுமான அளவு மட்டும் மாற்றிக்கொண்டு மிச்சத்தை நகரத்தில் மாற்றுங்கள். ஏடிஎம்மில் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்து வைத்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் காட்டி எம்டிஎன் சிம் ஒன்று வாங்கும்போதே அதில் 'மோமோ' கணக்கையும் திறந்து தரச் சொல்லுங்கள். நம் ஊரில் யுபிஐ இல்லாமல் வெளியே போக முடியாத நிலை வந்துவிட்டதல்லவா, அங்கே மோமோ. காய்கறிக்காரம்மா முதல் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநர் வரை எல்லோரும் அதில்தான் வாங்குகிறார்கள். தெருமுனையில் மஞ்சள் குடை அல்லது மஞ்சள் பெட்டிக்கடை போட்டு உட்கார்ந்திருக்கும் முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் உங்கள் எண்ணில் ஏற்றிவிடுவார். பிறகு *182# அடித்தால் போதும், இணையம்கூட வேண்டாம். சில்லறைப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

கிகாலிக்குள் மோட்டோ

விமான நிலையம் கனோம்பேயில், நகர மையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பெட்டியோடு இறங்கும் முதல் நாள் டாக்சி எடுங்கள். யெகோ செயலியில் அழைத்தால் மீட்டர் போட்டு வருவார்கள். அடுத்த நாளிலிருந்து மோட்டோதான்.

மோட்டோ என்றால் மோட்டார் சைக்கிள் டாக்சி. சந்திப்புக்குச் சந்திப்பு சீருடை மேலங்கி போட்ட ஓட்டுநர்கள் நிற்பார்கள். ஒரு வண்டிக்கு ஒரு பயணிதான், இரண்டு பேர் என்றால் இரண்டு மோட்டோ. இதில் சலுகையே கிடையாது, சட்டம் கறாரானது. ஓட்டுநர் இன்னொரு ஹெல்மெட் வைத்திருப்பார். அதைப் போடாமல் அவர் வண்டியை எடுக்கவே மாட்டார். அது நாள் முழுக்கப் பலர் தலையில் ஏறி இறங்கியது என்பதால், அடியில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய கைக்குட்டையோ துணித் தொப்பியோ பையில் வைத்திருங்கள்.

போகவேண்டிய இடத்தைச் சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. கிகாலியில் சாலைகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்த்துத்தான் பெயர்: கேஎன், கேஜி, கேகே என்று மூன்று பகுதிகளுக்கு மூன்று முன்னெழுத்து. விடுதி அனுப்பும் முகவரியில் அதுதான் இருக்கும். ஓட்டுநரிடம் அதைச் சொல்லிப் பயன் அதிகம் இல்லை. பக்கத்தில் உள்ள சந்தை, மருத்துவமனை, தேவாலயம், பெட்ரோல் பங்க் பெயரைச் சொல்லுங்கள், உடனே தலையாட்டுவார். தினமும் காலையில் அன்றைக்குப் போகும் இடங்களுக்கான அடையாளங்களை விடுதிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்ல வழக்கம். அங்கேயே நியாயமான கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டுவிடலாம். பக்கத்துப் பேட்டைக்கு 500 முதல் 1,000 பிராங்க், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 2,000 பக்கம் வரும். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். மொழி புரியவில்லையென்றால் கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டலாம், அவரும் அப்படியே பதில் தட்டுவார். இதில் கோபதாபம் எதுவும் இருக்காது, ஒத்துவராவிட்டால் இன்னொருவரிடம் போகலாம்.

நிறைய மோட்டோக்கள் டிவிஎஸ். ஓசூர்ப் பெயரை அந்தக் குன்றுகளில் பார்க்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும். இப்போது மின்சார மோட்டோக்கள் வேகமாகப் பெருகுகின்றன. 2025இலிருந்து கிகாலியில் வாடகைக்கு ஓட்டப் புதிதாகப் பதிவு செய்யும் மோட்டோ மின்சார வண்டியாகத்தான் இருக்க வேண்டும். பாதி வழியில் ஓட்டுநர் ஒரு நிலையத்தில் ஒதுங்கி, தீர்ந்த பேட்டரியைக் கழற்றி வைத்து நிறைந்த பேட்டரியை மாட்டிக்கொண்டு வந்தால் பதறாதீர்கள், இரண்டு நிமிட வேலைதான். மழை வந்தால் மட்டும் மோட்டோ நின்றுவிடும். எல்லோரும் பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் ஒதுங்கி மழை விடும் வரை பேசாமல் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், ஈரத்தில் அந்த இறக்கங்கள் ஆபத்தானவை.

நகர பஸ்ஸும் உண்டு. அதற்கு 'டேப் அண்ட் கோ' என்ற அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், நடத்துநரிடம் ரொக்கம் நீட்ட முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரிசை நீளும், அவசரமில்லாதவர்களுக்குத்தான் சரி.

ஊர் விட்டு ஊர்: நியாபுகோகோ

வெளியூர்ப் பஸ்களில் பெரும்பாலானவை கிளம்பும் இடம் நியாபுகோகோ. நகர மையத்துக்கு வடமேற்கே பள்ளத்தில் இருக்கிறது. ருவாண்டாவில் இரைச்சலும் நெரிசலும் உள்ள இடம் ஒன்று காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். உள்ளே நுழைந்ததும் நாலைந்து பேர் "முசான்சே? ஹுயே? ருபாவு?" என்று சூழ்ந்துகொள்வார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் உங்களை ஏதாவது ஒரு நிறுவனத்தின் கவுண்டரில் கொண்டு விடுவார்கள். நேராகக் கவுண்டருக்குப் போவது இன்னும் எளிது. வடக்கே முசான்சே, ருபாவுக்கு விருங்கா எக்ஸ்பிரஸ், தெற்கே ஹுயே பக்கம் வொல்கானோ எக்ஸ்பிரஸ், தூரத்து ஊர்களுக்குப் பெரிய பஸ் வேண்டுமானால் ரிட்கோ. முக்கிய ஊர்களுக்கு அரை மணிக்கு ஒரு பஸ் போகும்.

கட்டணத்தை அரசின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பதால் பேரம் கிடையாது, வெளிநாட்டவருக்குத் தனி விலையும் கிடையாது. பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்டு அச்சடித்த டிக்கெட் தருவார்கள். அதில் கிளம்பும் நேரத்தையும் வண்டி எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 10:30 என்று போட்டிருந்தால் 10:30க்கு வண்டி நகர்ந்துவிடும், டீ குடிக்கப் போனவருக்காகக் காத்திருக்காது.

பெரும்பாலானவை முப்பது பேர் வரை உட்காரும் கோஸ்டர் வண்டிகள். இருக்கைகளுக்கு இடையே உள்ள நடைவழியிலும் மடக்கு இருக்கை உண்டு, அதனால் பின்னால் உட்கார்ந்தால் இறங்கும்போது ஒரு வரிசையே எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். சாமான் வைக்க இடமே இல்லை. பெரிய சூட்கேஸ் கொண்டுபோனால் அதற்கும் ஓர் இருக்கை டிக்கெட் போடச் சொல்வார்கள். ஆகவே மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய முதுகுப்பையோடு கிளம்புங்கள், பெரிய பெட்டியைக் கிகாலி விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகலாம். வளைவுகளில் குமட்டல் வரும் ஆளாக இருந்தால் முன்வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

இருட்டிய பிறகு பஸ் குறைந்துவிடும். ஆண்டு முழுக்க ஆறு மணி வாக்கில் சூரியன் மறைகிறது. மத்தியானத்துக்குள் ஏறிவிடுவது என் கட்சி.

முசான்சே போகும் சாலையில் ஒரு மணி நேரம் போனதும் நியிராங்கரமா என்ற இடம் வரும். பல பஸ்கள் அங்கே சில நிமிடம் நிற்கும். சுட்ட உருளைக்கிழங்கும், சுட்ட சோளமும், கம்பியில் கோத்த ஆட்டுக்கறியும் சூடாகக் கிடைக்கும். சுத்தமான கழிப்பறையும் இருக்கிறது. நாடு முழுக்க ஓட்டல் மேசைகளில் கண் மருந்துச் சீசா அளவில் ஒரு குப்பி இருக்குமே, அந்த 'அகபங்கா' மிளகாய் எண்ணெய் இங்கேதான் தயாராகிறது. சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும். காரத்தில் நாம் பழகியவர்கள் என்ற தைரியத்தில் மூன்று சொட்டுக்கு மேல் போகாதீர்கள்.

எந்தச் சுற்றில் போவது?

பத்து நாள் இருந்தால் நான் சொல்லும் வழி இது: கிகாலி, முசான்சே, ருபாவு, கரோங்கி, ஹுயே, திரும்பக் கிகாலி. ஏறக்குறைய ஒரு வட்டம், போன சாலையிலேயே திரும்ப வேண்டியதில்லை. பழைய வரைபடங்களில் ஊர்ப் பெயர்கள் வேறாக இருக்கும். 2006 நிர்வாகச் சீரமைப்பில் ருஹெங்கேரி முசான்சே ஆனது, கிசெனி ருபாவு ஆனது, கிபுயே கரோங்கி, புட்டாரே ஹுயே. வயதானவர்கள் இன்னமும் பழைய பெயரையே சொல்வார்கள்.

முசான்சே எரிமலைகளின் அடிவாரம். கொரில்லா பார்க்கும் அனுமதி ஆளுக்கு 1,500 டாலர், காட்டுக்குள் அவற்றோடு இருக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். வயது 15 நிறைந்திருக்க வேண்டும். சளி, இருமல் இருந்தால் அனுமதிக்க மாட்டார்கள், மனிதரின் சளி கொரில்லாவைக் கொன்றுவிடக்கூடும். அனுமதிச்சீட்டை மாதங்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குக் கினிகியில் உள்ள பூங்கா அலுவலகத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மலையேறத் தொடங்கும் இடத்துக்குப் போக வண்டி உங்கள் பொறுப்பு. முதல் நாள் சாயங்காலமே முசான்சேயில் நாலு சக்கர இயக்க ஜீப் ஒன்றை ஓட்டுநரோடு பேசி வைத்துவிடுங்கள். பை தூக்க உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்துவதை நான் வலியுறுத்திச் சொல்வேன். காடு காக்கப்படுவதால் அந்தக் கிராமங்களுக்கு நேராகப் போய்ச்சேரும் கூலி அது. அவ்வளவு பணம் இல்லையென்றால் வருந்த வேண்டாம், புரேரா, ருஹொண்டோ என்ற இரட்டை ஏரிகளை மோட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதுவே ஒரு நாளுக்கு நிறைவான வேலை.

ருபாவிலிருந்து கரோங்கிக்குக் கிவு ஏரியை ஒட்டியே தார்ச்சாலை. முதலையோ நீர்யானையோ இல்லாத ஏரி. கரோங்கியில் மீனவர்கள் மூன்று படகுகளை நீண்ட கழிகளால் பிணைத்துக்கொண்டு, பாடியபடியே அந்தி நேரத்தில் சம்பாசா என்ற பொடிமீன் பிடிக்கக் கிளம்புவார்கள். அதைப் பார்க்க ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ருபாவை ஒட்டியே காங்கோவின் கோமா நகரம். 2025 ஜனவரியில் அதை எம்23 என்ற கிளர்ச்சிப் படை கைப்பற்றியது. எல்லை தாண்டும் எண்ணம் வேண்டாம். தெற்கே புருண்டியும் 2024 ஜனவரியில் ருவாண்டாவுடனான எல்லையை மூடியது, அந்த வழியாகப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள்.

நியுங்குவே காடும் அதன் உயரத் தொங்குபாலமும் ஹுயே, ருசிசி சாலையில் உள்ள உவிங்காவில். பஸ் இறக்கிவிடும், ஆனால் திரும்பும்போது வரும் பஸ்ஸெல்லாம் நிரம்பியே வரும். அதற்கு ஒரு வண்டியைப் பேசிக்கொள்வது நல்லது. கிழக்கே அககேராவும் அப்படித்தான். 2015இல் சிங்கங்களையும் 2017இல் கறுப்புக் காண்டாமிருகங்களையும் கொண்டுவந்து விட்டு மீட்டெடுத்த பூங்கா அது. பஸ் பூங்கா வாசலுக்குப் போகாது. கிகாலியிலேயே நாலைந்து பேர் சேர்ந்து ஜீப் எடுத்தால் செலவு தாங்கும். சொந்தமாக ஓட்ட நினைப்பவர்கள், வண்டி வலப்பக்கம் ஓடும் நாடு இது என்பதையும் வேகக் கேமரா எங்கும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சாப்பாடு

மத்தியானம் எந்தச் சின்ன ஊரிலும் பஃபே உண்டு: சோறு, அவரைக் குழம்பு, வேகவைத்த வாழைக்காய், உருளை, கீரை, ஒரு துண்டு கறி. சைவர்கள் கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வயிறு நிறையச் சாப்பிடலாம். இசோம்பே என்னும் மரவள்ளி இலைக் கூட்டில் மட்டும் சில இடங்களில் மீனோ இறைச்சியோ சேர்ந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். பால் கடைகளைத் தவறவிடாதீர்கள். காய்ச்சிய பாலும் 'இகிவுகுட்டோ' என்ற புளித்த பாலும் பெரிய கோப்பையில் தருவார்கள். தெருவில் நடந்துகொண்டே தின்பதை அங்கே நாகரிகமாக நினைப்பதில்லை, உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.

நாளும் கிழமையும்

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டிலிருந்து பதினொன்று வரை 'உமுகாண்டா'. நாடே தெருவில் இறங்கிப் பொதுவேலை செய்யும். கடை, பஸ் எதுவும் இருக்காது, அன்று காலைப் பயணம் வைக்காதீர்கள். விரும்பினால் விடுதிக்காரரோடு போய் நீங்களும் மண்வெட்டி பிடிக்கலாம், மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் 1994 இனப்படுகொலையின் நினைவு வாரம். ஏறக்குறைய நூறு நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த வாரத்தில் பாட்டு, கொண்டாட்டம் எதுவும் இருக்காது, உங்கள் குரலும் தாழ்ந்தே இருக்கட்டும். கிகாலி கிசோசியில் உள்ள நினைவிடத்தில் இரண்டரை லட்சம் பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நுழைவுக்குக் கட்டணம் இல்லை. அரை நாள் ஒதுக்குங்கள், அன்று வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். யாரிடமும் "நீங்கள் ஹூட்டுவா, டுட்சியா?" என்று கேட்கவே கூடாது. அந்த இனப் பிரிவுகளை அடையாள அட்டையிலிருந்தே நீக்கிவிட்ட நாடு அது. உங்கள் எதிரில் இருப்பவர் எதை இழந்தவர் என்பது உங்களுக்குத் தெரியாது.

கின்யார்வாண்டாவில் நாலு சொல் போதும்: முராஹோ, வணக்கம். முரகோசே, நன்றி. யெகோ, ஆமாம். ஓயா, இல்லை. கிகாலியில் இளைஞர்களிடம் ஆங்கிலம் செல்லும், கிராமத்தில் இந்த நாலும் சிரிப்பும்தான். ஆபத்துக்குக் காவல்துறை 112, ஆம்புலன்ஸ் 912. இந்தியத் தூதரகம் கிகாலியிலேயே இருக்கிறது.

திரும்பும் நாள்

கிகாலி விமான நிலைய வாசலிலேயே வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிச் சோதனை போடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கையில் மிஞ்சிய பிராங்கையும் மோமோவில் உள்ள பாக்கியையும் முதல் நாளே நகரத்தில் எடுத்து டாலராக மாற்றிவிடுங்கள். எல்லையைத் தாண்டினால் அந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். மாற்றும் அளவுக்கு இல்லையென்றால் கிமிரோங்கோ சந்தையில் ருவாண்டா காப்பித்தூளும் இரண்டு அகபங்காக் குப்பிகளும் வாங்கிக்கொள்ளலாம். குப்பியைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.